கைப்பிடி இல்லாத குதிரை

என் கடைக்கு வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் வண்டியைப் புகழ்வார்கள். "என்ன பிக்கப்புண்ணே, ரோட்டுல போனா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்று ஆரம்பித்து எனக்குக் காது புளித்துப்போகும் வரை பேசுவார்கள். அப்புறம் குரல் இறங்கும். "ஒண்ணே ஒண்ணுதாண்ணே" என்பார்கள். அந்த ஒன்றுக்குப் பின்னால் எட்டு நிற்கும். சீட் கல் மாதிரி இருக்கிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் சூட்டில் தொடை வேகிறது. கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி தெரியாது, சொந்த முழங்கைதான் தெரியும். சந்தில் திருப்ப நாலு தடவை முன்னே பின்னே போக வேண்டும். ஒரு சின்ன பாகம் உடைந்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பெண்டாட்டி பின்னால் ஏறமாட்டேன் என்கிறாள். இத்தனையும் சொல்லிவிட்டு, "மத்தபடி வண்டி சூப்பருண்ணே" என்று முடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசாமல் டேப்பை எடுத்து அளவெடுப்பேன்.

நான் சீட் தைக்கிறவன். இருபத்தாறு வருடமாக அதே தெரு, அதே தையல் மெஷின். சொந்த வண்டி ஒரு பழைய மொபெட். இந்த நடுத்தர ஸ்போர்ட்ஸ் பைக்குகள், அதாவது சின்ன வண்டியும் இல்லாமல் பெரிய வண்டியும் இல்லாமல், பந்தயத்துக்குப் போகிற மாதிரி குனிந்துகொண்டு நிற்கிறதுகளே, அவை ஏழெட்டு வருடமாகத்தான் என் கடைக்கு அதிகம் வருகின்றன.

என் வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தேன். கடை நடுவில் ஒரு மரக்குதிரை, நானே ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. நாலு கால், மேலே ஒரு சட்டம். வண்டியிலிருந்து சீட்டைக் கழற்றி அந்தச் சட்டத்தில் முடுக்கி, புது ஃபோமை அடுக்கி, ஆளை ஏற்றி உட்காரவைப்பேன். கையில் ஒரு டீயைக் கொடுப்பேன். இருபது நிமிடம் இறங்கக் கூடாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு சாக்கட்டியால் குறி போட்டு, அந்த இடத்தைச் செதுக்குவேன். டீயைக் குடித்தபடி சௌகரியமாக உட்கார்ந்திருந்தால் சீட் சரி என்று கணக்கு. இப்படி வேலை செய்கிறவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான் என்று எனக்கு ஒரு கர்வம் வேறு.

என் கடைக்கு எதிர் மாடியில் குடியிருப்பவர் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்து மெழுகில் பல்லைச் செதுக்கி, மேலே பீங்கான் ஏற்றிக் கொடுக்கிற லேபில் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதனால் வேன்காரம்மா. பத்து வயதில் ஒரு பெண். சத்தம் வராத வீடு. பல்லுக்காரருக்குக் கோபமே வராது. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் யார் சொன்னாலும் காதில் ஏறாது.

நாற்பத்தொன்றாவது வயதில் அவர் அந்த ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கினார். வேன்காரம்மா, மூன்று பேரும் போகிற மாதிரி சின்னக் கார் வாங்கலாம் என்றார். பல்லுக்காரரின் அண்ணன் வேண்டாம் என்றார். லேபில் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். இவர் ஒற்றைக் காலில் நின்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நாள் பூரா விளக்குக்கு அடியில ஒரு பல்லைப் பாத்துக்கிட்டே இருக்கேன்ணே. பக்கத்துல நிக்கிற ஆளு கூடத் தெரியமாட்டேங்குது. இதுல ஏறினா ஒரு மணி நேரம் கண்ணு தூரமாப் பாக்குது."

நியாயமான ஆசைதான். லேப் ஊரின் மறுகோடியில் இருந்தது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அதில் பாதி நெரிசல். அந்த நெரிசலில் அவர் எந்தத் தூரத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

அத்தனை பேர் பேச்சையும் மீறி வாங்கினாரா, அன்றிலிருந்து அந்த வண்டியில் குறை என்பதே இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. வேன்காரம்மா ஒரே ஒரு தடவை பின்னால் ஏறினார். தெருமுனை வரை போய் இறங்கி நடந்தே திரும்பி வந்தார். "மாடிப்படி கைப்பிடி மேல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். "உனக்கு உக்காரத் தெரியல" என்றார் பல்லுக்காரர். சந்துக்குள் வண்டியைத் திருப்ப அவர் தினமும் படுகிற பாட்டைப் பக்கத்து வெல்டிங் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். "என்ன தம்பி, திரும்பமாட்டேங்குதா?" என்றால், "சந்து சின்னதுண்ணே" என்று பதில் வரும்.

இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார்.

"வண்டி அருமையா இருக்குண்ணே. சீட்டு மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க."

"எங்க வலிக்குது?"

"வலியெல்லாம் இல்ல. நடு முதுகுக்குக் கீழ லேசா ஒரு மாதிரி."

குதிரையில் ஏற்றினேன். முதுகெலும்பு முடிகிற இடத்தில் அழுத்துகிறது என்று சாக்குறி சொன்னது. பின்பக்கம் இரண்டு அங்குலம் ஃபோமை ஏற்றினேன். கால் தரையில் எட்டட்டும் என்று முன்பக்கத்தைச் சீவினேன். குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, டீ டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, அவர் இருபது நிமிடம் அசையவில்லை. "தூக்கமே வருதுண்ணே" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அந்த மாதம் வந்தவர்களிடமெல்லாம், எதிர் வீட்டுக்காரர் என் சீட்டில் தூங்கியே போனார் என்று கதை விட்டேன்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை பகல், நல்ல வெயில். வேன்காரம்மா கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணே, அவருக்கு என்ன சீட்டுத் தச்சுக் குடுத்தீங்க?"

"ஏம்மா? பிரிஞ்சுடுச்சா?"

"கை மரத்துப்போகுது அவருக்கு. சுண்டு விரலு, மோதிர விரலு. ரெண்டு கையிலயும். டம்ளரை நழுவ விடறாரு. சாவி போட முடியல. காலையில பாப்பாதான் சட்டைப் பட்டன் போட்டு விடறா. அப்பா விளையாடறாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"வந்தாத்தானே. கேட்டா லேப்ல ஏசி குளிருங்கறாரு. அப்புறம் தலையணை சரியில்லங்கறாரு. தலையணைய மாத்தினேன். வண்டியா இருக்குமோன்னு ஒரு வார்த்தை கேட்டேன். அன்னிக்குப் பூரா எங்கூடப் பேசல."

"சரியாப் போயிடும்மா."

"எங்கண்ணே சரியாப் போகும்? இந்த மாசம் நாலு பல்லு திரும்பி வந்திருக்கு. ஒரு அம்மாவுக்கு முன்பல்லு, வாயை மூடினா இடிக்குதாம். ஓனர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை அவர் கண்ணு முன்னால உக்காந்து ஒரு பல்லு செதுக்கணும். சரியா வரலைன்னா பல்லு வேலை கிடையாது, டப்பா தூக்கிட்டு கிளினிக் கிளினிக்காப் போய்க் குடுத்துட்டு வரணும். பதினெட்டு வருஷம் செஞ்சவருண்ணே."

சுண்டு விரல் போனால் என்ன, கத்தி பிடிப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தானே என்று கேட்டேன். அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். சுண்டு விரலை அச்சின் மேல் ஊன்றிக்கொண்டுதான் கத்தியை ஓட்டுவார்களாம். ஊன்றின விரலுக்கு உணர்ச்சி இல்லையென்றால் கத்தி எங்கே நிற்கிறது என்று தெரியாதாம். கல்யாணம் ஆன புதிதில் பல்லுக்காரர் சொல்லிக்கொடுத்தது என்றார்.

"அதுக்கும் என் சீட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? சீட்டு எங்க இருக்கு, விரலு எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாதுண்ணே. சீட்டு மாத்தறதுக்கு முன்னாடி இவ்வளவு இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

கோபம் வந்துவிட்டது எனக்கு. இருபத்தாறு வருடத்தில் ஒருத்தர் குறை சொன்னதில்லை, நாற்பது ஸ்போர்ட்ஸ் பைக்குக்குத் தைத்திருக்கிறேன், ஒருத்தர் விரலும் போனதில்லை என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "வேனை ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. ஒரு உறையை உள்புறம் வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன், மறுபடியும் அப்படியே தைத்தேன். பன்னும் டீயும் வாங்கி வந்து வைத்துக்கொண்டு தின்னாமல் விட்டேன். கடைக்கு வெளியே போய் நின்றேன், உள்ளே வந்தேன். வெல்டிங் கடைக்காரர், "என்னண்ணே, எறும்பு கடிக்குதா?" என்று கேட்டார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பல்லுக்காரர் வந்ததும் வழிமறித்தேன். சீட்டில் ஒரு தையல் பிரிந்த மாதிரி இருக்கிறது, வண்டியை இப்படி விடு என்று பொய் சொன்னேன். அவர் மாடிக்குப் போனதும் ஏறி உட்கார்ந்தேன். குதிரை மேல் இல்லை, வண்டி மேலேயே.

சொன்னால் சிரிப்பீர்கள், இந்த மாதிரி வண்டி ஒன்றில் நான் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கைப்பிடி எங்கேயோ கீழே இருந்தது. எட்டிப் பிடித்தேன். பிடித்ததும் என் உடம்பு வழுக்கிக்கொண்டு முன்னால் போய் டேங்கில் முட்டி நின்றது. பின்பக்கம் ஏற்றின இரண்டு அங்குலம் என்னை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. தோள், மார்பு, தலை எல்லாக் கனமும் இரண்டு உள்ளங்கையில். அதுவும் சுண்டு விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டின சதையில். ஐந்து நிமிடத்தில் என் விரலே சுருசுருவென்றது.

என் குதிரைக்குக் கைப்பிடியே இல்லையே. டீயை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் எந்தச் சீட்டும் சொர்க்கம்தான். சாதா வண்டிக்கு அது போதும், அங்கேயும் ஆள் நிமிர்ந்துதான் உட்காருவான். குனிந்து ஓட்டுகிற வண்டிக்கும் அதே குதிரையில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாற்பது பேர் என்று பெருமை பேசினேனே, அந்த நாற்பது பேரும் எப்படியிருக்கிறார்களோ. இறங்கி வாசற்படியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

பல்லுக்காரர் கீழே வந்தார்.

"தம்பி, தப்பு என்னோடது."

"என்னண்ணே?"

"சீட்டை முன்னால சரிய விட்டுட்டேன். நீ தெனமும் ரெண்டு மணி நேரம் உன் உள்ளங்கையில உக்காந்துக்கிட்டுப் போயிட்டு வர்ற."

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

"அப்ப வண்டில ஒண்ணும் இல்ல. சீட்டுதான்."

"வண்டியை விடு. விரலு எப்படி இருக்கு?"

"விரலுக்கு என்ன? நல்லா இருக்கு."

"டாக்டரைப் போய்ப் பாரு தம்பி."

"அவ வந்து சொன்னாளா? அவளுக்கு இந்த வண்டியே பிடிக்காதுண்ணே. நீங்க சீட்டைச் சரி பண்ணிக் குடுங்க, எல்லாம் சரியாயிடும்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. தப்புச் செய்தவன் நான், எந்த வாயால் திட்டுவது? சீட்டைக் கழற்றிக்கொண்டேன். புதன், வியாழன் அவர் பஸ்ஸில் போனார். நான் வேறு வேலை எதையும் தொடவில்லை. பின்பக்க ஃபோமைச் சீவி, முன்பக்கத்தை ஏற்றி, ஒவ்வொரு தடவையும் வண்டியிலேயே மாட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானே உட்கார்ந்து பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் அவர் ஓனர் முன்னால் உட்கார வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார்.

"ஆயிடுச்சாண்ணே? ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

ஏறினார். சீட் சரியாக இருந்தது, முன்னால் வழுக்கவில்லை. ஸ்டார்ட் செய்து கிளட்சைப் பிடித்தார். நாலு விரலால் பிடிக்கவில்லை, கையையே வளைத்துக் கொக்கி மாதிரி இழுத்தார். கியர் போட்டதும் கிளட்ச் அவர் கையை மீறிக்கொண்டது. வண்டி ஒரு எகிறு எகிறி அணைந்தது. மறுபடியும் ஸ்டார்ட். மறுபடியும் அதே. வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை சிரிக்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கேபிள் டைட்டா இருக்கு. ரெண்டு நாள் நின்னதுல இறுகிடுச்சு. ஆயில் விடணும்."

எப்போது வேனை நிறுத்தினார், எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. வேன்காரம்மா வந்து வண்டி பக்கத்தில் நின்றார்.

"எறங்குங்க."

"உன்னால முடியாது. இது வேன் இல்ல."

"எங்கப்பா வண்டில பதினேழு வயசுல பேப்பர் போட்டவ நான். எறங்குங்க, மழை பெருசாகுது."

அவர் இறங்கினார். வேன்காரம்மா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினார். கிளட்ச் சத்தமில்லாமல் இறங்கியது. தெருமுனையில் திரும்பும்போது காலை ஊன்றவில்லை.

பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தோம். வரவில்லை. பல்லுக்காரர் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கும் என்றார். அவளுக்கு அது தெரியாது என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஏந்திக்கொண்டார். சூடான டீ, மேல் வளையத்தைப் பிடித்துத்தான் யாரும் குடிப்பார்கள். இவர் முழுக் கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு என்ன பல்லு குடுப்பாரு?"

"முன்பல்லுதான் குடுப்பாரு. அது சுலபம்ணே. கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன்."

"தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"வேணாம்ணே" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் தெருமுனைக்கு நடந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து சத்தம் கேட்டது. வேன்காரம்மா நனைந்து ஊறிப்போய் வந்து நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் சிவந்து, ஸ்கூல் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"எங்க போன இவ்வளவு நேரம்?"

"பைபாஸ் வரைக்கும் போனேன்."

அவர் கேட்கத் தயங்கிக் கேட்டார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. என்னமா இழுக்குது. பாலம் ஏறும்போது எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. இப்பத்தான் தெரியுது ஏன் வாங்குனீங்கன்னு."

பல்லுக்காரர் வண்டியையே பார்த்தார். அந்த வார்த்தைக்காக அவர் ஏழு மாதமாகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஆனா தொடை வெந்துடுச்சு" என்றார் வேன்காரம்மா. ஹெல்மெட்டை என் மேஜை மேல் வைத்தார். "சிக்னல்ல நியூட்ரல் விழமாட்டேங்குது. கண்ணாடியில என் கைதான் தெரியுது. கழுத்து புடிச்சுக்கிச்சு. இதோ, இந்த இடம், சுண்டு விரலுக்குக் கீழ, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. அண்ணன் சீட்டைச் சரி பண்ணின பெறகும் முக்கா மணி நேரத்துக்கே இப்படி. உங்களுக்கு வலிக்காதாங்க?"

தூறல் நின்றிருந்தது. மெஷின் மேல் போட்டிருந்த உறையின் நுனியைப் பல்லுக்காரர் கையால் இழுத்து இழுத்து விட்டார்.

"வலிக்குது" என்றார்.

"எப்ப இருந்து?"

"மொத மாசத்துல இருந்தே. லேசா. அப்புறம் ஜாஸ்தியாயிடுச்சு. இப்ப வலியும் இல்ல."

"ஏங்க சொல்லல?"

"எல்லாரும் வேணாம்னு சொன்னீங்க. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?" குரல் உடைந்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. சூடு தாங்காமல் சிக்னலில் காலை அகட்டிக்கொண்டு நிற்பது, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட முடியாதது, வீட்டுக்கு வந்து குளியலறையில் அரை மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருப்பது, மழை பெய்தால் பஸ்ஸில் போகலாமே என்று சந்தோஷப்படுவது, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வாடிக்கையாளரிடமும் நான் இவ்வளவு கேட்டதில்லை. நான் செய்ததும் அதில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

வேன்காரம்மா கேட்டு முடித்தார். "எட்டு மணி வரைக்கும் நரம்பு டாக்டரு இருப்பாரு. இப்பவே போலாம்."

"நாளைக்குச் செஞ்சு காட்டிட்டு சனிக்கிழமை போறேன். முன்பல்லுதானே. ஊனிக்கிட்டா கை தானா வந்துடும்."

"ஊனினா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன். எந்த விரல்னு சொல்லுங்க, நாளைக்குப் போங்க. நான் ஒண்ணும் பேசல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை மேஜை மேல் விரித்து வைத்தார். வேன்காரம்மா குனிந்து, அவருடைய சுண்டு விரலைத் தன் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து நகத்தை வைத்து அழுத்தினார். நகம் வெளுக்கிற வரை அழுத்தினார். விரலில் பள்ளம் விழுவது எனக்குத் தெரிந்தது. வேன்காரம்மாவுக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது, ஆனாலும் விடவில்லை.

பல்லுக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ம், தொடு. சொல்றேன்" என்றார்.